கஸ்தூரிக்கு நான் போன எஸ்கார்ட்

1. ஜன்னல் சீட்

கஸ்தூரியை முதன்முதலாக எஸ்கார்ட் கொண்டுபோன நாளில் வேன் கிடைக்கவில்லை. ஆர்டினரி பஸ்ஸில் போனோம்.

எஸ்கார்ட் என்றால் ஜெயிலில் இருக்கிற கைதியைக் கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்கிற வேலை. கைதி பெண் என்றால் பெண் போலீஸ் போக வேண்டும். சித்தூர் பக்கம் அந்த வேலையைச் செய்து ஹெட் கான்ஸ்டபிளாக ரிடையர் ஆனவள் நான். திருடியவள், கள்ளச்சாராயம் விற்றவள், புருஷனுக்கு விஷம் வைத்தவள் என்று எல்லா வகையும் கூட்டிப்போயிருக்கிறேன். யாரைப் பற்றியும் எழுதத் தோன்றவில்லை. கஸ்தூரியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்கு அவளைத் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கோர்ட் உத்தரவு. ஜன்னல் ஓரம் அவளை உட்காரவைத்து நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். என்னோடு வந்த இளம் கான்ஸ்டபிள் பின் சீட்டில். பாகாலா தாண்டினோம். ஒரு ஸ்டாப்பில் பஸ் நின்றது. கஸ்தூரி சட்டென்று எழுந்தாள்.

"வாங்க அத்த, இப்டி ஜன்னலாண்ட குந்துங்க. காத்து வரும்" என்றாள்.

ஏறியது ஒரு கல்லூரிப் பையன் மட்டும்தான். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்து, "யாருடி? யாரும் இல்ல, உக்காரு" என்று அதட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மரியாதை தெரியாத பொம்பளை என்று நினைத்திருப்பாள்.

"பெரியவங்க நிக்க நான் குந்திக்கினு வர்றதா?"

திருப்பதி வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். ஜன்னல் சீட் காலியாக வந்தது. உட்கார வந்த ஒரு அம்மாளை, "அங்க ஆளு கீறாங்க" என்று தடுத்தும் விட்டாள். பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், கேஸ் தெரியாமல் இருந்திருந்தால். அவள் இடம் கொடுத்த அந்த அத்தையை, அவள் மாமியாரை, அடித்துக் கொன்றதாகத்தான் அவள் மேல் கேஸ்.

பங்காருபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். கஸ்தூரிக்குக் கல்யாணம் ஆகி நாலைந்து வருஷம், குழந்தை இல்லை. புருஷன் டிராக்டர் டிரைவர். மாமியார் சோற்றில் விஷம் கலக்கிறாள் என்று இவள் காதில் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். சொன்னது யார் என்று கேட்டால் ஆள் கிடையாது, குரல்தான். ஒருநாள் மத்தியானம் உலக்கையை எடுத்துவிட்டாள். அக்கம்பக்கம் ஓடி வந்தபோது சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டு, "யாரும் துன்னாதீங்க, துன்னாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தாளாம். ஊரைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு அவளுக்கு.

2. ஊசி

டாக்டர் மாதத்துக்கு ஒரு ஊசி என்று ஆரம்பித்தார். தினம் மாத்திரை கொடுத்தால் ஜெயிலில் வாயில் அடக்கிவைத்துத் துப்பிவிடுகிறார்கள், ஊசி என்றால் அந்தத் தொந்தரவு இல்லை என்று எனக்கு விளக்கினார். "தேதி தள்ளிப் போகக் கூடாதும்மா. அது மட்டும் உங்க பொறுப்பு" என்றும் சொன்னார். என் பொறுப்பாம். எனக்கு டூட்டி போடுவது நானா?

ஆனாலும் முதல் சில மாதம் சரியாகவே நடந்தது. ஒவ்வொரு முறையும் நானே கேட்டு வாங்கிப் போனேன். இரண்டாவது ஊசிக்குப் பிறகு தலையை வாரிக்கொண்டு வந்தாள். அடுத்த முறை பஸ்ஸில் தானாகவே உட்கார்ந்தாள், வெளியே பார்த்தாள், "இந்த வருஷம் பூ நல்லா வெச்சிருக்குது மேடம், பிஞ்சு நின்னா போதும்" என்று மாமரங்களைப் பற்றிப் பேசினாள். ஒரு மனுஷி உள்ளே இருந்து வெளியே வருவதைக் கண்ணால் பார்ப்பது பெரிய விஷயம். நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்காக ஸ்தோத்திரம் சொன்னேன்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. ஒரு தரம் திரும்பி வரும்போது, சந்திரகிரி தாண்டி, என் காதோடு கேட்டாள்.

"மேடம், எங்க அத்தைய நான்தான் அட்ச்சேனா?"

சர்வீஸில் இதற்கு டிரெயினிங் கிடையாது. "கேஸ் அப்படித்தான் போட்டிருக்காங்க" என்றேன்.

அவள் அழவில்லை. "ஊசி போட்டுக்கினதுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா நாபகம் வருது. அதுக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாது, அத்த கூடவே இருந்தாங்க. இப்ப வர்றதே இல்ல" என்றாள். பிறகு, "இந்த ஊசி வேணாம்னு டாக்டராண்ட சொல்லிப் பாக்கறீங்களா?" என்று கேட்டாள்.

நான் அவளைத் திட்டினேன். உனக்கு நல்லது செய்ய நாங்கள் நாயாக அலைந்தால் நீ வேண்டாம் என்கிறாயா என்று கத்தினேன். ஜெயில் வாசலில் அவளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவள் கேட்டது எனக்கு உறைத்தது. வியாதி இருந்தபோது அவளோடு பேச ஒரு மாமியாராவது இருந்தாள். குணமானதும் கொலைகாரி என்கிற பட்டம்தான் மிச்சம்.

3. பொண்ணு பார்க்க வந்த மாதிரி

கஸ்தூரிக்கு வக்கீல் வைக்க யாரும் இல்லை. சட்ட உதவி மூலமாகச் சுரேந்திரா என்ற இளம் வக்கீலைப் போட்டார்கள். தெலுங்குக்காரர், தமிழும் கலந்து பேசுவார். கடமைக்கு வந்து நிற்கிற ஆள் இல்லை, படித்துக்கொண்டு வருவார். அவர்தான் எனக்கு ஒருநாள் கோர்ட் வராந்தாவில் சட்டத்தை விளக்கினார்.

"எஸ்தரம்மா, மூளை சரியில்லாதவங்கள விசாரிக்கக் கூடாது. வக்கீல் சொல்றது புரியணும், சாட்சி சொல்றது புரியணும். புரியலன்னா கேஸ நிறுத்திவெக்கணும். அப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஆஸ்பத்திரி. இன்னொண்ணு, சொந்தக்காரங்க யாராவது, நாங்க பாத்துக்கறோம், வைத்தியம் பண்றோம், கூப்பிட்டா கொண்டு வர்றோம்னு பொறுப்பேத்துக்கிட்டா வீட்டுக்கே அனுப்பலாம். கொலைக் கேஸ்ல சாதா பெயில் எங்க கெடைக்கப் போகுது? இதான் நமக்கு இருக்கற ஒரே கதவு."

வெளிநாட்டில் சில ஊர்களில் இந்த மாதிரி ஆட்களுக்கென்றே தனி கோர்ட் இருக்கிறதாம். ஜட்ஜும் டாக்டரும் வீட்டு ஆட்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசி, வைத்தியம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஜட்ஜே கேட்டுக்கொண்டிருப்பாராம். அதையும் அவர்தான் சொன்னார். நம் ஊரில் ஜெயில் ஒரு பக்கம், கோர்ட் ஒரு பக்கம், டாக்டர் வேறொரு ஊரில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. மூன்று இடத்துக்கும் போய் வந்தது நானும் அவளும்தான்.

பொறுப்பேற்க ஒரு ஆள் இருந்தார். கஸ்தூரியின் அப்பா முனிரத்தினம். அம்மா அவள் சின்ன வயதிலேயே போய்விட்டாள். ஒரு தம்பி, நாயுடுபேட்டையில் கம்பெனி வேலை. அப்பா ஒருவர்தான் ஊரோடு இருந்தார், ஒரு மாந்தோப்பில் காவல் வேலை, தோப்பிலேயே ஒரு ரூம். முலாகாத் நாளில், அதாவது ஜெயிலில் சொந்தக்காரர்கள் பார்க்க விடுகிற நாளில், ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, பொட்டலத்தில் ஏதாவது கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"தோப்புல யாரும் வரமாட்டாங்க மேடம். நானும் அவளும் மட்டும்தான். பக்கத்துல இட்டுகினு குந்திக்கினா போதும், அவளுக்கு ஒண்ணும் வராது" என்பார்.

டாக்டரும் நல்ல ரிப்போர்ட் கொடுத்தார். தேறி வருகிறாள், ஆனால் விசாரணையைத் தாங்குகிற நிலை இன்னும் வரவில்லை, தொடர்ந்து ஊசி போட்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று. சுரேந்திரா மனுப் போட்டார். ஜட்ஜம்மா கெட்டவர் இல்லை. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "நான் ஒரு தடவை நேர்ல பாக்கறேன்" என்று ஒரு வாய்தா கொடுத்தார்.

அந்த வாய்தாவுக்கு நான் ஜெயிலில் இருந்து கஸ்தூரியைக் கூட்டிவந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பா முன்னாடியே கொடுத்தனுப்பிய புதுப் புடவை, எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை, நெற்றியில் பொட்டு. கோர்ட் வராந்தாவில் அவர் காத்திருந்தார். என்னிடம் கெஞ்சிக் கேட்டு அவள் தலையில் ஒரு முழம் கதம்பம் வைத்துவிட்டார். காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஜட்ஜம்மா தெலுங்கில் கேட்டார். எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் தெலுங்கு தெரியாதவர் கிடையாது. உன் பேர் என்ன, எந்த ஊர், இது என்ன இடம், உன் வக்கீல் யார், உன் மேல் என்ன கேஸ். கேட்கக் கேட்கப் பட்பட்டென்று பதில் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்றுகூடக் கேட்டார். "தண்டனை குடுப்பீங்க மேடம்" என்றாள். கடைசியில் யாரும் கேட்காமலே கைகூப்பி, "எனக்கு ஒரு கொறையும் இல்ல மேடம், நான் நல்லா இருக்கேன்" என்றாள்.

சுரேந்திரா எழுந்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கச் சொல்லி என்னென்னவோ வாதாடினார். ஜட்ஜம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நான் நேர்லயே பாத்துட்டேனே. இவங்களுக்கு எல்லாம் தெளிவா புரியுது. இவங்கள மூளை சரியில்லாதவங்கன்னு நான் எப்படி எழுதறது?" என்றார். மனு தள்ளுபடி. கேஸ் விசாரணைக்குப் போகட்டும் என்று உத்தரவு.

ஹாலை விட்டு வெளியே வந்தோம். முனிரத்தினம் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார்.

"எல்லாத்துக்கும் டாண் டாண்ணு சொல்லிட்டா மேடம்! அப்ப வூட்டுக்கு இட்டுகினு போலாமா?"

நான் வக்கீலைப் பார்த்தேன். சுரேந்திரா ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையில் கைவைத்து நின்றார்.

"ஏமய்யா பெத்தாயனா, பெரியவரே, யாரு உங்கள சொல்லிக் குடுக்கச் சொன்னது? அவ நல்லா இல்லன்னுதானய்யா நான் மனு போட்டேன்! நல்லா இல்லன்னாதானே உங்ககூட அனுப்புவாங்க!"

பெரியவருக்குப் புரியவில்லை. எத்தனை முறை சொல்லியும் புரியவில்லை. நல்லா ஆகிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். உலகத்தில் எந்த மனுஷனும் அப்படித்தான் நினைப்பான். கோர்ட் வாசல் டீக்கடையில் நாலு பேரிடம் விசாரித்து, ஜட்ஜ் என்னென்ன கேட்பார் என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு முலாகாத்திலும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மகளுக்கு மனப்பாடம் செய்யவைத்திருக்கிறார்.

அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்து என்னிடம் ஒன்று சொன்னார். "கல்யாணத்துக்கு முன்னாடியே அவளுக்கு ஒரு தரம் இந்த மாதிரி வந்துச்சு மேடம். மந்திரிச்சு சரியாப் போச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப, இத்த இத்த கேப்பாங்க, இப்டி இப்டி சொல்லுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். தலை நெறயப் பூ வெச்சு குந்தவெச்சேன். புட்ச்சிப் போச்சுன்னு அன்னிக்கே தட்டு மாத்திக்கினாங்க. இங்கியும் அதே மாதிரிதான்னு நென்ச்சிக்கினேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. மறைத்துக் கட்டிக்கொடுத்ததால்தானே ஒரு கிழவி அநியாயமாகச் செத்தாள் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அது அவருக்கே தெரிந்திருந்தது.

4. பிரம்மோற்சவம்

விசாரணை ஆரம்பிக்கும் முன்னால் பிரம்மோற்சவம் வந்துவிட்டது.

பெருமாளுக்கு உற்சவம் என்றால் போலீஸுக்குத் திருமலை பந்தோபஸ்து. ஜில்லாவைப் பிரித்துத் திருப்பதி வேறு ஜில்லாவான பிறகும் அது மாறவில்லை. எங்கள் ஆயுதப்படையில் நடமாட முடிகிறவர்கள் எல்லோரும் மலைக்குப் போவோம். அந்த நாட்களில் கோர்ட்டுக்கே எஸ்கார்ட் கிடைப்பது கஷ்டம், ஆஸ்பத்திரிக்கு எங்கே கிடைக்கும்? கஸ்தூரியின் ஊசித் தேதி அன்றைக்கு நான் மாடவீதியில் கயிறு பிடித்துக்கொண்டு ஜனங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மலைக்குக் கீழேதான் ஆஸ்பத்திரி. மருந்து அங்கே இருக்கிறது, டாக்டர் அங்கே இருக்கிறார், அவளைக் கூட்டிவர வேண்டிய நான் கருட சேவைக்கு ஆளை நகர்த்திக்கொண்டிருக்கிறேன். நான் கும்பிடுகிற சாமி வேறு. ஆனாலும் அன்றைக்கு அந்த மலை மேல் நின்று, உமக்கு இத்தனை போலீஸ் எதற்கய்யா, இரண்டு பேரை விடக் கூடாதா என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் இருந்த கான்ஸ்டபிள் பெண் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இறங்கி வந்ததும் வேறொரு பந்தோபஸ்து. அதற்கு அடுத்து தேர்தல் டூட்டி. தேதி தள்ளிக்கொண்டே போனது. நான் ஆபீஸில் கேட்டேன், சத்தம் போட்டும் கேட்டேன். "கோர்ட் வாய்தா மிஸ் ஆனா ஜட்ஜ் மெமோ குடுப்பாரு. ஊசி மிஸ் ஆனா யாரு கேக்கப் போறாங்க?" என்றார் டூட்டி போடுகிறவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, இருக்கிற பத்துப் பேரை இருபது இடத்துக்குப் பங்கு போடுகிற வேலை அவருடையது.

மறுபடி நான் ஜெயிலுக்குப் போனபோது பெண்கள் பேரக்கில், அவர்களை அடைத்துவைக்கிற கூடத்தில், கஸ்தூரி தட்டைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களின் சோற்றையும் கவிழ்த்துவிடுகிறாள் என்று வார்டர் சொன்னார். என்னைப் பார்த்து, "அத்த வந்துட்டாங்க மேடம்" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

5. மறுபடியும் மனு

சுரேந்திரா உடனே இன்னொரு மனுப் போட்டார். "பாவமாத்தான் இருக்கு எஸ்தரம்மா. ஆனா இப்ப நெசமாவே நல்லா இல்ல. இந்தத் தடவ கண்டிப்பா அனுப்பிடுவாங்க" என்றார். பெரியவரைத் தனியாக அழைத்து, எதுவும் சொல்லித்தர வேண்டாம், பூ வேண்டாம், புடவை வேண்டாம், சும்மா நின்றால் போதும் என்று சத்தியம் வாங்கினார்.

முனிரத்தினம் சொன்னபடி சும்மா நின்றார். கஸ்தூரியை அழைத்துவந்தோம். அழுக்குப் புடவை, சிக்குப் பிடித்த தலை. வராந்தாவில் அப்பாவைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். "நீயும் அந்த சோத்த துன்னுட்டியா நைனா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லும் முன்னால் பாய்ந்து, அவர் வாயைப் பிளந்து விரலை உள்ளே விட்டுத் தோண்ட ஆரம்பித்தாள். விஷத்தை எடுக்கிறாளாம். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து பிரித்து எடுக்கும் முன்னால் பெரியவர் உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம்.

அந்தச் சட்டையோடுதான் அவர் ஹாலுக்குள் நின்றார். ஜட்ஜம்மா என்ன நடந்தது என்று கேட்டார். பொய் சொல்ல முடியாது, வராந்தா முழுக்கச் சாட்சி. நான் நடந்ததைச் சொன்னேன்.

"பெத்தாயனா, இவங்களத் தோப்புல தனியா வெச்சு நீங்க எப்படிப் பாத்துக்குவீங்க? நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனா அதுக்கு நான் பதில் சொல்லணும்" என்றார் ஜட்ஜம்மா. கடுமையாகச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு மகள் மாதிரி வருத்தத்தோடுதான் சொன்னார்.

"என் பொண்ணு என்ன காப்பாத்தத்தான் பாத்தா மேடம்" என்றார் அவர். உதடு வீங்கிப் பேச்சு சரியாக வரவில்லை.

கஸ்தூரியை விசாகப்பட்டினத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவானது. நல்லா இருந்தால் கேஸ் நடக்க வேண்டும், அதனால் வீட்டுக்கு அனுப்ப முடியாது. நல்லா இல்லாவிட்டால் ஆபத்து, அதனாலும் அனுப்ப முடியாது. அவள் எப்படி இருந்தால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று நான் சுரேந்திராவைக் கேட்டேன். அவர் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

ரயிலில் நான்தான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பெரியவர் ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்ஃபாரத்தில் நின்றார். கிட்டே வந்தால் மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று தூரத்திலேயே நின்றுகொண்டார்.

6. தீர்ப்பு

அங்கே அவளுக்கு நல்ல வைத்தியம் நடந்தது. தேதி தவறாத ஊசி. ரொம்ப மாதம் கழித்து, விசாரணையைத் தாங்குவாள் என்று சர்டிஃபிகேட் வந்தது. திரும்பக் கூட்டிவரவும் நான்தான் போனேன். கஸ்தூரி இளைத்திருந்தாள், அமைதியாக இருந்தாள். என்னை வணங்கிவிட்டு முதலில் கேட்டது, "நைனா நல்லா கீறாரா மேடம்?"

முனிரத்தினம் இறந்து அப்போது கொஞ்ச நாள் ஆகியிருந்தது. மாங்காய் இறக்குகிற நேரம், தோப்பில் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கிளம்பும் முன்பே சுரேந்திரா என்னிடம் சொல்லியிருந்தார்: "இப்ப சொல்லாதீங்க எஸ்தரம்மா. சொன்னா மறுபடி கவுந்துடுவா. தீர்ப்பு வரட்டும்." டாக்டரும் அதையே சொன்னார். "நல்லா கீறாரு" என்றேன். அந்தப் பொய்யை வாய்தாவுக்கு வாய்தா சொன்னேன். அவளும் நம்பினாள், ஏன் வரவில்லை என்று கேட்டால் காய் சீசன் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

விசாரணை சீக்கிரமே முடிந்தது. புருஷன் வந்து சாட்சி சொன்னான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் வந்து, சம்பவம் நடந்தபோது தான் செய்வது என்னவென்று தெரிகிற நிலையில் அவள் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். தீர்ப்புக்கு நாள் குறித்தார்கள்.

தீர்ப்பு நாளில் கஸ்தூரி தன் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கூண்டுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். ஜட்ஜம்மா இங்கிலீஷில் வாசித்தார். செய்தது இவள்தான், ஆனால் அந்த நேரத்தில் புத்தி சுவாதீனத்தில் இல்லை, ஆகவே குற்றவாளி இல்லை என்று விடுதலை செய்கிறேன் என்ற இடம் வந்தது. சுரேந்திரா மேஜையைத் தட்டிவிட்டுச் சிரித்தார். பெஞ்ச் கிளார்க் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்ததற்கு அந்த ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது. கஸ்தூரிக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்ததும் கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

ஜட்ஜம்மா வாசிப்பை நிறுத்தவில்லை. இன்னும் ஒரு பத்தி இருந்தது. செய்தது இவள்தான் என்று முடிவாகிவிட்டதால், அரசு மனநல ஆஸ்பத்திரியில் பாதுகாப்பான காவலில் வைக்க வேண்டும். சொந்தக்காரர் யாராவது பொறுப்பேற்று மனுப் போட்டால் அவரிடம் ஒப்படைப்பதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை காவல். சுரேந்திரா மெல்ல உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் கஸ்தூரி வேன் பக்கம் வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே கேட்டைப் பார்த்து நடந்தாள். "பங்காருபாளையம் பஸ் எங்க நிக்கும் மேடம்? நைனா தோப்புலதான இருப்பாரு, நானே போய்க்கிறேன்" என்றாள்.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "இன்னா மேடம், விட்டாச்சு இல்ல?" என்று கேட்டாள். விட்டாச்சுதான். ஆனால் விடவில்லை. இதை எந்தப் பாஷையில் சொல்வது? யாராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் அனுப்புவார்கள் என்றேன். "அவ்ளோதான? நைனா வந்து போடுவாரு" என்றாள்.

அந்த இடத்தில்தான் அப்பா இறந்ததைச் சொன்னேன். கோர்ட் கேட்டுக்கு உள்ளே, வேப்பமரத்தடியில், பை அவள் தோளில் இருக்கும்போதே.

அவள் கத்துவாள், கீழே விழுவாள் என்று நானும் கூட இருந்த கான்ஸ்டபிளும் தயாராக நின்றோம். "எப்ப?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "அப்ப காய் சீசன்னு சொன்னது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

சுரேந்திரா நாயுடுபேட்டையில் இருந்த தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் கேட்கும்படி வைத்திருக்க வேண்டாம் என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது.

"சார், அவ என் அக்காதான். நான் இல்லன்னு சொல்லல" என்றான் தம்பி. "எனக்குச் சின்னப் பொண்ணு கீது. ஒரே ரூம் வூடு. ராத்திரி நாங்க எப்டி சார் தூங்கறது? என் பொண்டாட்டி அவ அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்றா. நைனா இருந்தா அங்க வுட்டுருக்கலாம். என்னால முடியாது சார். மன்னிச்சிக்குங்க." அவன் அழுதுகொண்டுதான் பேசினான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவனை வைய எனக்கு வாய் வரவில்லை.

நானே பொறுப்பேற்றுக்கொள்ளட்டுமா என்று சுரேந்திராவைக் கேட்டேன். சொந்தமோ நெருங்கினவர்களோ போடலாம், எஸ்கார்ட் வந்த போலீஸ் போட முடியுமா என்றார். அப்படியே முடிந்தாலும், என் வீட்டில் என் பேத்தி இருக்கிறாள். தம்பி சொன்னதை நானும்தான் சொல்லியிருப்பேன். அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது, அதனால் மேலே பேசவில்லை.

விடுதலையான பெண்ணை வேனில் ஏற்றினேன். அவளாகவேதான் ஏறினாள். அதற்குப் பிறகு அவளைக் கூட்டிவர வாய்தா எதுவும் இல்லை, கேஸ் முடிந்துவிட்டதே. நான் ரிடையர் ஆகிவிட்டேன். சுரேந்திரா அவ்வப்போது மனுப் போட்டுப் பார்க்கிறார். கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் மனு எங்கே நிற்கும்? அவள் இன்றைக்கும் விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாளாம். தையல் கற்றுக்கொண்டாளாம். குரல் எதுவும் கேட்பதில்லையாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நான் பெரிதாக எதையும் சாதித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தீர்ப்பு இங்கிலீஷில் இருக்கும். உங்கள் பக்கத்தில் நிற்கிறவள் ஜட்ஜைப் பார்க்க மாட்டாள், உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசி வரி வரைக்கும் வாசித்து முடிக்கட்டும். அதற்கு முன்னால் சிரித்துவிடாதீர்கள்.